காப்பி எங்கே எடுக்கணும்? மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை நம்ம மாவட்ட மேப்பில் படிப்போம்

ரவுட்டிங் யூனிட்டில் கடைசியா வர்ற டாபிக் மல்டிகாஸ்ட். டிவிஎம்ஆர்பி, பிம் என்று ரெண்டு பேர் சிலபஸில் இருக்கும். ஆர்ஐபி, ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் முடிச்சு மூச்சு வாங்கும்போது இது வரும். அதனால ஒரு படம், நாலு பாயின்ட், அதோட நோட்ஸ் முடிஞ்சிடும்.

இந்தக் கட்டுரையில் அதை முழுசா எடுத்துக்குவோம். 13 மார்க் கேள்விக்கும் உதவும், இன்டர்வியூவுக்கும் உதவும். இன்னொரு காரணமும் இருக்கு. "ஒரே தகவலைப் பல பேருக்கு எந்த முறையில் அனுப்பினாங்க" என்ற கேள்வி, இந்தியாவில் ₹624.89 கோடி சம்பந்தப்பட்ட ஒரு உத்தரவு வரைக்கும் போயிருக்கு. அல்காரிதம் புரிஞ்ச பிறகு அந்தக் கதைக்கு வருவோம்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது ரெண்டே விஷயம்: டிஜ்க்ஸ்ட்ரா அல்காரிதம், ரவுட்டிங் டேபிள். மீதியை இங்கேயே பார்த்துக்கலாம்.

1. ஒரே செய்தி, மூணு ஊர்

விருதுநகர்னா மார்க்கெட். பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் இதுக்கெல்லாம் இங்க படியும் விலையை வெளியூர் வியாபாரிகளும் கவனிப்பாங்க. "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று பேப்பரில் தனியாவே வரும். அந்த விலை ஒவ்வொரு நொடியும் நெட்வொர்க் வழியா வெளியே போகுதுன்னு கற்பனை பண்ணிக்குவோம். கேட்கிறவங்க மூணு ஊரில் இருக்காங்க: சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம்.

ஊருக்கு ஒரு ரவுட்டர். இணைப்புகளும் செலவுகளும் இப்படி:

விருதுநகர் – அருப்புக்கோட்டை: 3
விருதுநகர் – சாத்தூர்: 4
விருதுநகர் – திருத்தங்கல்: 5
திருத்தங்கல் – சிவகாசி: 1
சாத்தூர் – சிவகாசி: 3
சிவகாசி – ஸ்ரீவில்லிபுத்தூர்: 3
ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம்: 2

இதெல்லாம் கிலோமீட்டர் இல்லை. கணக்குப் போட வசதியா நான் வெச்ச எண்கள். இதே எண்ணை அந்த இணைப்பைக் கடக்க ஆகும் மில்லிசெகண்டுன்னும் எடுத்துக்கோங்க. கட்டுரை முழுக்க இந்த மேப்தான். நோட்டில் ஒரு தடவை வரைஞ்சு வெச்சுட்டுத் தொடருங்க.

டிஜ்க்ஸ்ட்ரா போட்டா விருதுநகரிலிருந்து குறைந்த தூரம்: சாத்தூர் 4, சிவகாசி 6 (திருத்தங்கல் வழியா), ராஜபாளையம் 11.

இப்போ மூணு முறையில் அனுப்பிப் பார்க்கலாம்.

யூனிகாஸ்ட்: ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பாக்கெட். மொத்தச் செலவு 4 + 6 + 11 = 21. திருத்தங்கல் இணைப்பைக் கவனிங்க. சிவகாசிக்குப் போற பாக்கெட்டும் ராஜபாளையத்துக்குப் போற பாக்கெட்டும் ஒரே விலையைச் சுமந்துக்கிட்டு அதே கம்பியில் ரெண்டு தடவை போகுது. கேட்கிறவங்க ஆயிரம் பேர் ஆனா, விருதுநகர் சர்வர் ஆயிரம் தடவை அனுப்பணும்.

பிராட்காஸ்ட்: எல்லா ஊருக்கும் அனுப்பிடலாம். ஆனா கேட்காத அருப்புக்கோட்டைக்கும் போகும்.

மல்டிகாஸ்ட்: எந்த இணைப்பிலும் ஒரே ஒரு பாக்கெட்தான் போகும். பாதை பிரியும் இடத்தில் இருக்கிற ரவுட்டர் காப்பி எடுத்துக்கும்.

சரவெடியை நினைச்சுப் பாருங்க. 2018இல் உச்ச நீதிமன்றம் தடை பண்ணின பிறகு கதை வேறன்னாலும், நம்ம பக்கத்தில் சரவெடி பார்க்காதவங்க கிடையாது. ஆயிரம் வெடிக்கும் தனித்தனியா பத்தி வெச்சா கொளுத்துறோம்? ஒரே மெயின் திரி, அதிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் ஒரு குட்டித் திரி. நெருப்பு ஒரு இடத்தில்தான் வைக்கிறோம், பிரியுற இடத்தில் தானாப் பிரியுது.

மல்டிகாஸ்ட் ரவுட்டிங் அல்காரிதம் எல்லாமே ஒரே கேள்விக்குத்தான் வேறவேற பதில் சொல்லுது: காப்பி எந்த இடத்தில் எடுக்கணும்? இந்தக் கேள்வியைக் கையில் வெச்சுக்கிட்டா எல்லாப் பேரும் ஞாபகம் இருக்கும்.

2. முகவரி: ஆளுக்கு இல்லை, குழுவுக்கு

யூனிகாஸ்டில் போய்ச் சேர வேண்டிய முகவரி ஒரு இயந்திரத்தோடது. மல்டிகாஸ்டில் அது ஒரு குழுவோட பேர். ஐபிவி4இல் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை இதுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. அதுதான் கிளாஸ் டி. அனுப்புறவருக்கு யார் யார் கேட்கிறாங்கன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். கேட்க விரும்புறவர் "நான் இந்தக் குழுவில் இருக்கேன்"னு தன் ரவுட்டர்கிட்ட சொன்னா போதும். அப்படிச் சொல்ற நெறிமுறை ஐஜிஎம்பி.

இந்த அமைப்பை வடிவமைச்சவர் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவரா இருந்த ஸ்டீவ் டீரிங். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1112 அவர் எழுதினது.

இது எங்கேயோ இருக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. ஓஎஸ்பிஎஃப் ரவுட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு ஹலோ சொல்றது 224.0.0.5இல். உங்க லேப்டாப் வைஃபையில் பிரின்டரைத் தேடுறது பெரும்பாலும் 224.0.0.251இல். வயர்ஷார்க் திறந்து பாருங்க, அஞ்சு நிமிஷத்தில் கண்ணில் படும். ஆனா 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ரவுட்டர் அடுத்த நெட்வொர்க்குக்குத் தள்ளிவிடாது. அவை அந்த லேனுக்குள்ளேயே முடிஞ்சிடும். நமக்கு வேண்டியது ரவுட்டர் தாண்டிப் போற குழுக்கள்.

ஐஜிஎம்பி வேலை கடைசி ரவுட்டரோட முடியுது. சாத்தூர் ரவுட்டருக்கு "என் ஊரில் ஒருத்தர் கேட்கிறார்"னு தெரியும். இந்த விஷயம் விருதுநகர் வரைக்கும் எப்படிப் போகுது, மரம் எப்படி உருவாகுது? இங்கதான் ரவுட்டிங் தொடங்குது.

3. முதல் பதில்: வெள்ளமா விடு, அப்புறம் வெட்டு

டிவிஎம்ஆர்பி, 1988, ஆர்எஃப்சி 1075. இதன் உயிர் ரிவர்ஸ் பாத் ஃபார்வார்டிங், சுருக்கமா ஆர்பிஎஃப். இந்த யோசனையை 1978இல் எழுதினவங்க யோகன் தலால், ராபர்ட் மெட்கால்ஃப். மெட்கால்ஃப் ஈதர்நெட்டால் எல்லாருக்கும் தெரிஞ்சவர். யோகன் தலால் மும்பை ஐஐடியில் படிச்சுட்டு ஸ்டான்ஃபோர்ட் போனவர். டிசிபியின் முதல் வரையறையான 1974ஆம் வருஷ ஆர்எஃப்சி 675இலும் அவர் பேர் இருக்கு.

ஆர்பிஎஃப் விதி ஒரே வரி: பாக்கெட் வந்த வாசல், மூலத்துக்குத் திரும்பிப் போக நான் பயன்படுத்துற வாசல்தானா? ஆமான்னா மத்த எல்லா வாசலிலும் அனுப்பு. இல்லைன்னா தூக்கிப் போடு.

நம்ம மேப்பில் ஓட்டிப் பாருங்க. விருதுநகர் மூணு பக்கமும் அனுப்புது. சிவகாசிக்குப் பாக்கெட் ரெண்டு வழியா வரும்: திருத்தங்கல் வழியா ஒண்ணு, சாத்தூர் வழியா ஒண்ணு. சிவகாசியின் ரவுட்டிங் டேபிளில் விருதுநகர் போகணும்னா திருத்தங்கல் வாசல்தான். அதனால அந்த வழியில் வந்ததை மட்டும் ஏத்துக்கிட்டு, சாத்தூரிலிருந்து வந்ததைத் தூக்கிப் போடும். சாத்தூரும் அதே மாதிரி சிவகாசியிலிருந்து வந்ததை ஒதுக்கிடும். பாக்கெட் சுத்திக்கிட்டே இருக்கிற வளையம் உடைஞ்சது. வளையத்தை உடைக்க ரவுட்டிங் டேபிளே போதுமானதா இருந்தது.

அடுத்து வெட்டுறது. அருப்புக்கோட்டையில் கேட்கிறவங்க யாரும் இல்லை. அது விருதுநகருக்கு ப்ரூன் செய்தி அனுப்பும், அந்தக் கிளை நின்னுடும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்கிறவங்க இல்லை, ஆனா கீழே ராஜபாளையம் இருக்கு, அதனால அது ப்ரூன் அனுப்பாது. இந்த வித்தியாசத்தைத் தேர்வில் எழுதினா மார்க் உண்டு. ப்ரூன் நிரந்தரம் இல்லை, குறிப்பிட்ட நேரம் முடிஞ்சதும் மறுபடியும் வெள்ளம் வரும். அதுக்குள்ள அருப்புக்கோட்டையில் ஒருத்தர் சேர்ந்தா, கிராஃப்ட் செய்தி அனுப்பிக் கிளையை ஒட்டிக்கலாம்.

கடைசியில் மிஞ்சுறது மூலத்திலிருந்து குறும்பாதை மரம்: விருதுநகர்–சாத்தூர் 4, விருதுநகர்–திருத்தங்கல் 5, திருத்தங்கல்–சிவகாசி 1, சிவகாசி–ஸ்ரீவில்லிபுத்தூர் 3, ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் 2. மொத்தம் 15. யூனிகாஸ்டில் 21 ஆனது இங்க 15.

காப்பி எங்க எடுத்தோம்? விருதுநகரில் ஒரு தடவை. அவ்வளவுதான். சிவகாசியில் உள்ளூருக்கு இறக்கிட்டு மேல அனுப்புறோம்.

குறை என்ன? கேட்காத ரவுட்டர்களும் "நான் கேட்கலை"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கணும். கேட்கிறவங்க நெருக்கமா இருக்கிற ஒரு கேம்பஸில் இது ஓகே. உலகம் முழுக்க நாலே பேர் கேட்கிற குழுவுக்கு ஊரெல்லாம் வெள்ளம் விட முடியுமா? 1992 மார்ச்சில் ஐஇடிஎஃப் கூட்டத்தின் பேச்சை இணையத்தில் நேரடியா ஒலிபரப்பினாங்க. அதிலிருந்து வளர்ந்த எம்போன் என்ற சோதனை நெட்வொர்க் டிவிஎம்ஆர்பியில்தான் ஓடிச்சு. பெருசாகப் பெருசாக இந்தக் குறையும் பெருசாச்சு.

4. ரெண்டாவது பதில்: ஒரு சந்திப்பு வெச்சுக்கோ

கேட்கிறவங்க கேட்டா மட்டும் அனுப்பு. ஆனா மூலம் எங்க இருக்குன்னு கேட்கிறவருக்குத் தெரியாதே? அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சந்திப்பு இடம் வேணும். 1993இல் வந்த கோர் பேஸ்டு ட்ரீ இதை முன்வெச்சது. பிம் ஸ்பார்ஸ் மோடு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்னைக்கு நிலையில் இருக்கிற வரையறை 2016இன் ஆர்எஃப்சி 7761. சந்திப்பு ரவுட்டருக்கு ரான்டவூ பாயின்ட், சுருக்கமா ஆர்பி என்று பேர். ஆர்பிஎஃப் வேற, ஆர்பி வேற. விடைத்தாளில் குழப்பிக்க வேண்டாம்.

சிவகாசியை ஆர்பியா வைங்க.

முதல் படி: சாத்தூர், சிவகாசியை நோக்கி ஜாயின் அனுப்புது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா அனுப்புது. ஜாயின் போன பாதையில் ஒவ்வொரு ரவுட்டரும் "இந்தக் குழு பாக்கெட் வந்தா இந்த வாசலில் விடு"ன்னு குறிச்சுக்கும்.

ரெண்டாவது படி: விருதுநகர் தன் பாக்கெட்டை இன்னொரு யூனிகாஸ்ட் பாக்கெட்டுக்குள் பொதிஞ்சு ஆர்பிக்கு அனுப்புது. இதுதான் ரெஜிஸ்டர். சிவகாசி அதைப் பிரிச்சு மரத்தில் இறக்கிவிடும்.

மூணாவது படி: இப்போ சாத்தூரைப் பாருங்க. விருதுநகருக்குப் பக்கத்து வீடு, நேர்ப்பாதை 4. ஆனா பாக்கெட் திருத்தங்கல் போய், சிவகாசி போய், திரும்பி வருது: 5 + 1 + 3 = 9. சாத்தூர் ரவுட்டர் மூலத்தின் முகவரியை இப்போ பாக்கெட்டிலேயே பார்த்துடுச்சு. அதனால நேரா விருதுநகரை நோக்கி எஸ்-ஜி ஜாயின் அனுப்பலாம். எஸ்னா மூலம், ஜின்னா குழு. நேர்ப்பாதையில் பாக்கெட் வர ஆரம்பிச்சதும் ஆர்பி பக்கத்துக் கிளையை ப்ரூன் பண்ணிடும். இதுக்குப் பேர் எஸ்பிடி ஸ்விட்ச்ஓவர்.

ஏன் புரோட்டோகால் இன்டிபென்டன்ட்? டிவிஎம்ஆர்பி தனக்குன்னு ஒரு தூரக் கணக்கை ஓட்டும். பிம் எதையும் ஓட்டாது. ஓஎஸ்பிஎஃபோ ஆர்ஐபியோ, யார் டேபிள் போட்டாலும் அதையே எடுத்து ஆர்பிஎஃப் பார்த்துக்கும்.

கேட்கிறவருக்கு மூலம் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா ஆர்பியே வேண்டாம். நேரா எஸ்-ஜி ஜாயின். அதுதான் எஸ்எஸ்எம், 2006, ஆர்எஃப்சி 4607, முகவரி 232இல் தொடங்கும். டிவி சேனல், பங்குச்சந்தை மாதிரி மூலம் நிலையா இருக்கிற இடத்துக்கு இது கச்சிதம். வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கு இடையே எஸ்எஸ்எம் மட்டும் போதும், பழைய முறை வேண்டாம்னு 2020இல் ஆர்எஃப்சி 8815 பரிந்துரையே கொடுத்துடுச்சு.

5. மூணாவது பதில்: மொத்தச் செலவைக் குறை

15ஐ விடக் குறைக்க முடியுமா? முடியும். விருதுநகர்–சாத்தூர் 4, சாத்தூர்–சிவகாசி 3, சிவகாசி–ஸ்ரீவில்லிபுத்தூர் 3, ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் 2. மொத்தம் 12. திருத்தங்கல் இணைப்பே தேவைப்படலை.

இதுக்குப் பேர் ஸ்டைனர் மரம். எல்லா ஊரையும் இணைக்கணும்னா மினிமம் ஸ்பானிங் ட்ரீ போட்டு முடிச்சிடலாம், அது சுலபம். குறிப்பிட்ட சில ஊரை மட்டும் இணைக்கணும், நடுவில் வேணும்னா மத்த ஊரைப் பயன்படுத்திக்கலாம்னு சொன்ன உடனே கணக்கு கடினமாயிடுது. 1972இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியல் போட்ட 21 என்பி-கம்ப்ளீட் கணக்குகளில் இதுவும் ஒண்ணு.

அதனால தோராய முறைதான். 1981இல் கோ, மார்கோவ்ஸ்கி, பெர்மன் கொடுத்த கேஎம்பி முறையைக் கையால் போட்டுப் பார்க்கலாம்:

முதலில் மூலம், உறுப்பினர்கள் இவங்களுக்குள்ள குறும்பாதை தூரம் எழுதுங்க. விருதுநகர்–சாத்தூர் 4, விருதுநகர்–சிவகாசி 6, விருதுநகர்–ராஜபாளையம் 11, சாத்தூர்–சிவகாசி 3, சாத்தூர்–ராஜபாளையம் 8, சிவகாசி–ராஜபாளையம் 5.

அடுத்து இந்த நாலு புள்ளிக்கு மினிமம் ஸ்பானிங் ட்ரீ போடுங்க: 3, 4, 5 மூணையும் எடுத்தா முடிஞ்சது. மொத்தம் 12.

கடைசியா ஒவ்வொரு கோட்டையும் உண்மையான பாதையா விரிங்க. சிவகாசி–ராஜபாளையம் கோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா விரியும். வளையம் வந்தா வெட்டிடுங்க.

இங்க சரியான விடையே கிடைச்சிடுச்சு. பொதுவா கேஎம்பி விடை, சிறந்த விடையின் ரெண்டு மடங்கைத் தாண்டாதுன்னு நிரூபிச்சிருக்காங்க.

அப்புறம் ஏன் ரவுட்டர்களில் இது இல்லை? முழு மேப்பும், முழு உறுப்பினர் பட்டியலும் ஒரே இடத்தில் தெரியணும். யாராவது சேர்ந்தாலோ விலகினாலோ மரமே மாறலாம், அப்போ ஓடிக்கிட்டிருக்கிற பாக்கெட்டெல்லாம் தடுமாறும். பிம்முக்குத் தன் பக்கத்து ரவுட்டர் தெரிஞ்சா போதும்.

6. செலவு சரி, நியாயம்?

இப்போ மில்லிசெகண்டுக்கு வாங்க. ஒரு வியாபாரியா யோசிங்க. வத்தல் விலை ஏறுது. சாத்தூர்க்காரருக்கு 4இல் தெரியுது, ராஜபாளையத்துக்காரருக்கு 11இல் தெரியுது. நடுவில் இருக்கிற 7 மில்லிசெகண்டில் சாத்தூர்க்காரர் பழைய விலையிலேயே வாங்கிடலாம். மனுஷன் கையால் வாங்குற மார்க்கெட்டில் இது ஒண்ணுமே இல்லை. மெஷின் வாங்குற மார்க்கெட்டில் இதுதான் எல்லாமே.

நம்ம மூணு மரத்தையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்கலாம்.

குறும்பாதை மரம்: செலவு 15. சாத்தூர் 4, சிவகாசி 6, ராஜபாளையம் 11. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி 7.

ஸ்டைனர் மரம்: செலவு 12. சாத்தூர் 4, சிவகாசி 7, ராஜபாளையம் 12. இடைவெளி 8.

சிவகாசி ஆர்பி மரம்: செலவு 5 + 1 + 3 + 3 + 2 = 14. சிவகாசி 6, சாத்தூர் 9, ராஜபாளையம் 11. இடைவெளி 5.

கவனிச்சீங்களா? நாலாவது பகுதியில் சாத்தூரைச் சுத்தவிடுதுன்னு நாம குறை சொன்ன அதே மரம், இடைவெளிக் கணக்கில் முதலிடம். ராஜபாளையத்துக்கு ஒரு மில்லிசெகண்டு கூட அதிகமாகலை, சாத்தூரின் சலுகை மட்டும் குறைஞ்சிருக்கு. சிறந்த மரம் எதுன்னு கேட்டா, எதை அளக்குறீங்கன்னு திருப்பிக் கேட்கணும்.

இதையே ஆராய்ச்சியில் டிலே வேரியேஷன் கட்டுப்பாடுன்னு சொல்வாங்க. ரூஸ்காஸ், பால்டின் ரெண்டு பேரும் 1997இல் இதை எடுத்துக்கிட்டு, யாருக்கும் இவ்வளவுக்கு மேல தாமதம் ஆகக்கூடாது, யாருக்கும் யாருக்கும் இவ்வளவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாதுன்னு ரெண்டு நிபந்தனையோட மரம் தேடினாங்க. அதுவும் என்பி-கம்ப்ளீட்தான்.

7. மும்பையில் நடந்தது

தேசியப் பங்குச்சந்தை, என்எஸ்இ, 2010 வாக்கில் கோ-லொகேஷன் சேவையைக் கொண்டுவந்தது. புரோக்கர்கள் தங்கள் சர்வரை என்எஸ்இ டேட்டா சென்டருக்குள்ளேயே வாடகைக்கு வைக்கலாம். ஒவ்வொரு ஆர்டரும் வர்றது, மாறுறது, ரத்தாகுறது எல்லாம் அவங்களுக்கு டிக் பை டிக் தகவலா வரும்.

அந்தத் தகவலை ஆரம்பத்தில் டிசிபி இணைப்பு வழியா அனுப்பினாங்க. டிசிபின்னா யூனிகாஸ்ட். நம்ம முதல் பகுதியின் 21. சர்வர் ஒரே தகவலை ஒருத்தருக்கு எழுதிட்டு, அடுத்தவருக்கு எழுதிட்டு, அதுக்கடுத்தவருக்கு எழுதணும். ஒரு தடவை எழுத 2 மைக்ரோசெகண்டு ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. வரிசையில் 100ஆவது ஆளுக்கு 99 × 2 = 198 மைக்ரோசெகண்டு தாமதம். கேபிள் சம நீளம், ரேக் பக்கத்துப் பக்கத்தில், எல்லாம் சமம். வரிசை மட்டும் சமம் இல்லை. வரிசை எப்படி அமைஞ்சது? காலையில் யார் முதலில் இணைஞ்சாங்களோ அவங்க முதலில். அதனால முதலில் லாகின் பண்றதே ஒரு போட்டியாச்சு.

2014இல் என்எஸ்இ இந்தத் தகவலை மல்டிகாஸ்டில் கொடுக்க ஆரம்பிச்சது. சர்வர் ஒரு பாக்கெட் அனுப்பும், ஸ்விட்ச் ஹார்டுவேர் எல்லா வாசலுக்கும் காப்பி எடுக்கும். லாகின் வரிசைக்கு அர்த்தமே இல்லாம போச்சு.

2015இல் பழைய முறை பத்தி செபிக்குப் புகார் போனது. 2019 ஏப்ரல் 30 அன்னைக்கு, ₹624.89 கோடியை 12 சதவீத வட்டியோட கட்டச் சொல்லி என்எஸ்இக்கு செபி உத்தரவு போட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து பண்ணிச்சு. அதே நேரத்தில் போதிய கவனம் எடுக்கலைன்னு சொல்லி ₹100 கோடியை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில், கூட்டுச் சேர்ந்து செஞ்சாங்க என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு செபி அந்த நடவடிக்கையை முடிச்சது.

சட்டப்படி யார் மேல என்ன தப்புங்கிறது கோர்ட் வேலை. இன்ஜினியரா நாம எடுத்துக்க வேண்டியது இது: ஒரு ஃபார் லூப் வரிசையா எழுதினாலே ஒருத்தர் முதல், ஒருத்தர் கடைசி. அதை யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க வேண்டியதே இல்லை. காப்பி எடுக்கிற இடத்தை சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு மாத்தினதும் அந்த வரிசை கரைஞ்சு போச்சு.

மல்டிகாஸ்டுக்கும் விலை உண்டு. அது யூடிபி மேல ஓடுது. பாக்கெட் தொலைஞ்சா தானா திரும்ப வராது. ஆயிரம் பேரும் "வந்துச்சு, வந்துச்சு"ன்னு ஏசிகே அனுப்பினா மூலமே மூழ்கிடும். அதனால மார்க்கெட் தகவலில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுவாங்க. 41க்கு அப்புறம் 43 வந்தா, 42ஐ மட்டும் தனி டிசிபி இணைப்பில் கேட்டு வாங்கிக்கலாம்.

8. அப்போ கிரிக்கெட்டுக்கு ஏன் இல்லை?

2023 உலகக் கோப்பை ஃபைனலை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தாங்க. ஒரே மேட்ச், ஒரே பந்து. மல்டிகாஸ்டுக்கே பிறந்த கேஸ் மாதிரி தெரியுது. ஆனா அத்தனையும் யூனிகாஸ்ட்.

காரணங்கள் புரிஞ்சுக்கக் கூடியவைதான். உங்க வீட்டு ரவுட்டரிலிருந்து ஹாட்ஸ்டார் வரைக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு நிறுவனமும் மல்டிகாஸ்டை ஆன் பண்ணியிருக்கணும். எவனோ அனுப்புற பாக்கெட்டை நம்ம ரவுட்டர் ஏன் காப்பி எடுத்துக் கொடுக்கணும், அதுக்கு யார் காசு கொடுப்பா என்பதுக்குப் பதில் கிடையாது. உங்க சிக்னல் மோசம்னா படத்தின் தரத்தை உங்களுக்கு மட்டும் குறைக்கணும், எனக்கு ஏத்தணும். குழுவுக்கு ஒரே பாக்கெட் அனுப்பினா அது கஷ்டம்.

அதனால சிடிஎன். உங்க பக்கத்து ஊர் சர்வரில் ஒரு காப்பி, அங்கிருந்து உங்களுக்குத் தனியா. யோசிச்சுப் பாருங்க, இதுவும் ஒரு மரம்தான். காப்பி எடுக்கிற இடம் ரவுட்டரிலிருந்து சர்வருக்கு நகர்ந்திருக்கு. ஒரே நிர்வாகத்துக்குக் கீழ இருக்கிற நெட்வொர்க்கில், அதாவது ஐபிடிவி, பங்குச்சந்தை, டேட்டா சென்டர் இதிலெல்லாம் உண்மையான மல்டிகாஸ்ட் நல்லாவே ஓடுது.

9. போட்டுப் பாருங்க

கேள்வி 1: மல்டிகாஸ்ட் ஐபி முகவரியில் மாறக்கூடியது 28 பிட். ஈதர்நெட் முகவரிக்குள் போறது அதில் 23 பிட்தான். எத்தனை குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துக்கும்?

கேள்வி 2: அருப்புக்கோட்டையும் குழுவில் சேருது. குறும்பாதை மரத்தின் செலவும் இடைவெளியும் என்ன ஆகும்?

கேள்வி 3: அதே அருப்புக்கோட்டை, பிம் ஸ்பார்ஸ் மோடு, ஆர்பி சிவகாசி. இன்னும் ரெஜிஸ்டர் நிலைதான், ஸ்விட்ச்ஓவர் நடக்கலை. விருதுநகர் பாக்கெட் அருப்புக்கோட்டை போய்ச் சேர எத்தனை மில்லிசெகண்டு?

விடைகள்: 1) விடுபட்டது 5 பிட், அதனால 32 குழுக்கள். 2) செலவு 18. தாமதம் 3, 4, 6, 11, இடைவெளி 8. 3) அருப்புக்கோட்டையின் ஜாயின் விருதுநகர் வழியாத்தான் சிவகாசி போச்சு. அதனால மூலத்தோட ரவுட்டரான விருதுநகர், ஆர்பிக்கு ரெஜிஸ்டர் அனுப்பும்போதே அந்த வாசலில் நேராவும் ஒரு காப்பி விடும். மொத்தம் 3.

மூணாவது விடை ஏன் 15 இல்லைன்னு உங்க பக்கத்து பெஞ்ச் ஆளுக்கு வரைஞ்சு காட்ட முடிஞ்சா, இந்த டாபிக் உங்களுக்கு முடிஞ்சது.